வெர்னாவின் இருபது நிமிடம்

வெர்னாவுக்கு வலது முழங்கால் மடங்காது. ஏழு வயதில் அது பூசணிக்காய் போல வீங்கியபோது, குடிகார அப்பன்தான் உதைத்திருப்பான் என்று ஊரே முடிவு கட்டியது. தாய்மாமன்கள் மூன்று பேரும் அவனை மரக்கிடங்கில் போட்டுக் கோடாரிக் காம்பால் அடித்தார்கள். இரண்டு கையும் முறிந்தன. மரம் அறுத்துப் பிழைத்தவன் அதன்பின் ரம்பம் பிடிக்கவேயில்லை. டாக்டர்கள் சீழ் என்று நினைத்து வெர்னாவின் முழங்கால் மூட்டைக் கிழித்தார்கள். சீழே இல்லை; கால்தான் மடங்காமல் போனது. மான் உண்ணி கடித்து வந்த லைம் நோய் அது என்று, அப்பன் செத்த பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் அவள் ரத்தப் பரிசோதனை வேலைக்குப் படித்தாள். வேறு காரணம் சொல்பவர்களை நான் நம்பமாட்டேன்.

போன ஜூனில், அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் க்ளேட்டன் தன் ஆறு வயது மகள் ஜோசியைத் தூக்கி வந்தான். அவளுக்கும் முழங்கால் வீக்கம். அவனும் ஒருகாலத்தில் குடித்துவிட்டுக் கை நீட்டியவன். இரண்டு வருஷமாகக் குடியைத் தொடவில்லை, யார் நம்புவார்கள்? பின்னாலேயே வந்த மச்சான் ராட்னி அவன் வாயில் குத்தினான். பல் தெறித்தது. விழுந்தவனை விலாவில் மிதித்தான்.

"பச்சப்புள்ள கால உடைச்சிட்டியேடா, நாயே!"

"நான் தொடலடா! சத்தியமா தொடல!"

டாக்டர் உள்ளேயிருந்து, "சீழா இருந்தா இன்னைக்கே மூட்டத் தொறந்து கழுவணும்" என்றார்.

அங்கே வேலை பார்த்த வெர்னா ஜோசியின் ரத்தத்தைச் சோதனைப் பட்டையில் விட்டாள். வெளியே வந்து, இரண்டு ஆண்களுக்கும் நடுவே மடங்காத காலைக் குறுக்கே ஊன்றி நின்றாள்.

"இருபது நிமிஷம் பொறுடா, முடிவு தெரிஞ்சிடும். அப்புறமும் கை அரிச்சா என்னை அடி."

ராட்னி நாற்காலியை எட்டி உதைத்து உடைத்தான்.

"போன நவம்பர்ல வேட்டையாடின மான உரிச்சப்போ அதோட காலைப் புடிச்சது யாரு?" என்று கேட்டாள் வெர்னா.

"ஜோசிதான். எங்க வீட்டுப் புள்ளைங்க எல்லாம் புடிக்கும்."

"யாரு புடிக்கச் சொன்னா?"

அவன் கை இறங்கியது. "நான்தான்."

"வீட்டுக்கு வந்து உண்ணி இருக்கான்னு உடம்பப் பாத்தீங்களா?"

"பாக்கல," என்றான் ராட்னி.

பட்டையில் கோடு விழுந்தது. லைம். ஊசியால் எடுத்த மூட்டு நீரிலும் சீழுக்கான அடையாளம் இல்லை. கத்தி வேண்டாம், மருந்து போதும் என்றார் டாக்டர்.

ராட்னி மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் வம்சத்தில் யாரும் கேட்டதில்லை. ஜோசிதான் கட்டிலிலிருந்து கேட்டாள்: "மாமா, அப்பா பல்லு எங்க?"

அவன் இரண்டு முழங்காலையும் மடக்கித் தரையில் தேடினான்.

"அந்த நாற்காலிக்கு அடியில பாரு," என்றாள் வெர்னா. "என்னால குனிய முடியாது."