கூட்டத்தை எந்த மொழியில் நடத்துவது

கல்லூரியில் எங்கள் முஸ்லிம் மாணவர் சங்கத்தின் கூட்டங்களுக்கு ஒரு வருடம் நான் தலைமை தாங்கினேன். அதற்குத் திறமை காரணமில்லை. எனக்கு உருதுவும் அரைகுறை, வங்காளமும் அரைகுறை. அதுதான் காரணம்.

வாப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடியிலிருந்து வங்காளத்துக்கு மாற்றலாகி வந்து, துறைமுகத்தை ஒட்டிய கார்டன் ரீச்சில் குடியிருந்தோம். வீட்டுக்குள் காயல்பட்டினத்துத் தமிழ், மாடிப்படியில் உருது, மீன்கடையில் வங்காளம். மூன்றிலும் சாமான் வாங்க முடியும். சண்டை போடத் தமிழில் மட்டும்தான் வரும்.

சங்கத்தில் இரண்டு வகை ஆட்கள். நகரத்துப் பிள்ளைகள் உருது பேசுவார்கள். முர்ஷிதாபாத், மால்டா மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவர்கள் வங்காளம் பேசுவார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் காலியான ஒரு வகுப்பறையில் கூடுவோம். ஒருவர் குர்ஆனிலிருந்து கிராஅத் ஓதித் தொடங்குவார். விஷயத்தைச் சொன்னதும் வலது பக்க பெஞ்சிலிருந்து வரிசையாக எல்லாரும் அபிப்பிராயம் சொல்ல வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. கோபம் வந்தால் எல்லாரும் நபியவர்கள்மீது ஸலவாத் ஓத வேண்டும், கோபமாகவே ஓதுவார்கள். கடைசியில் கையேந்தித் துஆ. அதற்குப் பிறகு உண்மையான கூட்டம் படிக்கட்டில் நடக்கும்.

தலைவர் நகரத்துப் பையன். கூட்டத்தை உருதுவில்தான் நடத்துவார். ரமலானுக்கு முன்னால் ஒருநாள் இஃப்தார் நோன்பு திறப்பு ஏற்பாடு பற்றி நெடுநேரம் பேசினோம். வரிசை, முர்ஷிதாபாத்திலிருந்து வந்த முதலாம் ஆண்டுப் பெண்ணிடம் வந்தது. அவள் எழுந்து வங்காளத்தில் சொன்னாள்:

"எனக்கு எல்லாத்துக்கும் சம்மதம். எதுக்கு சம்மதம்னு யாராவது சொன்னா நல்லாயிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

செயலாளர் மால்டாக்காரர், எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தவர். உடனே எழுந்தார். "இது வங்காள மண். இனிமே கூட்டம் வங்காளத்துலதான் நடக்கணும்." தலைவரும் எழுந்தார். "உருது நம்ம எல்லாருக்கும் பொது." பொது என்று அவர் சொன்னதையே பாதிப்பேர் புரிந்துகொள்ளவில்லை. ஆங்கிலத்தில் நடத்தலாமே என்றார் ஒருவர். அதை இரண்டு தரப்பும் சேர்ந்து எதிர்த்தன. ஒற்றுமை என்று பார்த்தால் அன்றைக்கு அது ஒன்றுதான்.

மறு வாரத்துக்குள் சங்கம் இரண்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை இரண்டு தரப்பும் தனித்தனியாகக் கூட்டம் போட வந்தன. காவலாளி ஓர் அறையைத்தான் திறந்துவிட்டார். ஆகவே இரண்டு சங்கமும் ஒரே அறையில் உட்கார்ந்தன. தலைவரும் தலைமை தாங்கக் கூடாது, செயலாளரும் தாங்கக் கூடாது என்றாயிற்று. அப்போது யாரோ என்னைக் காட்டினார்கள்.

"மதராஸி ஆப்பா இருக்காங்களே." ஆப்பா என்றால் அக்கா.

"அவங்க எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்ல. ரெண்டு மொழியும் தப்பாத்தான் பேசுவாங்க."

ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். அன்றைக்குக் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ தமிழ்லயே பேசு புள்ளை. ரெண்டு பேருக்கும் வெளங்காது. சண்டைக்கே வழியில்ல."

"எங்க ஆபீஸ்ல இங்கிலீஷ்லதான் பேசுறோம். யாருக்கும் வெளங்கல. ஆனா சண்டை மட்டும் நிக்கல," என்றார் வாப்பா.

அடுத்த கூட்டத்தில் தலைவரும் செயலாளரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஸலவாத் ஓதச் சொன்னேன். ஓதிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். எனக்குத் தலை சூடாகிவிட்டது. மேசையைத் தட்டித் தமிழில் கத்தினேன்.

"ஒருத்தர் பேசுறத ஒருத்தர் கேக்கவே மாட்டீங்களா? வாய மூடுங்க ரெண்டு பேரும்!"

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். என்ன சொன்னீர்கள் என்று தலைவர் உருதுவில் கேட்டார். செயலாளர் வங்காளத்தில் கேட்டார். முதல் வாக்கியத்தை மட்டும் இரண்டு மொழியிலும் சொன்னேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வந்த கோபம் போய்விட்டது. சொல்லத் தெரியாத மொழியில் வார்த்தை தேடும்போது கோபப்பட நேரமிருப்பதில்லை.

அந்த இடத்திலேயே ஒரு விதி போட்டேன். பதில் சொல்ல நினைப்பவர், முன்னால் பேசியவர் சொன்னதை அவருடைய மொழியிலேயே முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பதில்.

"மூணு தலைமுறையா இங்க இருக்கீங்க. எங்ககூட வங்காளத்துல ஒரு வார்த்தை பேசினதில்ல," என்று செயலாளர் ஆரம்பித்தார்.

தலைவர் அதை வங்காளத்தில் திருப்பிச் சொன்னார். அவருக்குத் தெரிந்த வங்காளமெல்லாம் கால்பந்து மைதானத்தில் கற்றது. அங்கே எல்லாரும் வாடா, போடா. ஆகவே தன்னைவிட மூத்த செயலாளரை "ஏண்டா, நீ என்னடா சொல்ற" என்ற கணக்கில் மிகுந்த பணிவோடு விசாரித்தார். பெண்கள் பெஞ்சில் ஒருத்தி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செயலாளர் முகம் சிவக்கப் பதிலுக்கு எழுந்தார். அவருடைய உருது மதரஸாவில் புத்தகத்திலிருந்து கற்றது. கோபத்தோடு, "மேன்மை தங்கிய தாங்கள் அருளிய வார்த்தைகளில் இந்த எளியவனுக்கு ஒரு சிறு ஐயம்" என்றார். அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் சிரித்தது. அவர்கள் இருவரும் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு மெதுவாகப் பேசினார்கள். செயலாளர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். "எங்கயாவது உருதுல மார்க்கப் பயான் நடந்தா அம்மா கடைசிவரைக்கும் உக்காந்து தலையாட்டிட்டு வருவாங்க. எதுக்குத் தலையாட்டினோம்னு அவங்களுக்குத் தெரியாது." தலைவர் இதைத் திருப்பிச் சொல்லும்போது பாதியில் நின்றார். தலையாட்டுவதற்கு வங்காளத்தில் என்ன என்று கேட்டார். முர்ஷிதாபாத் பெண் சொல்லிக்கொடுத்தாள். முழுவதையும் சொல்லி முடித்தார். பிறகு தன் பங்குக்குச் சொன்னார்: "பஸ்ல உருது பேசினா எந்த ஊர்க்காரன்னு கேக்கறாங்க. நான் பொறந்தது இங்கதான். இந்த ரூம்லதான் யாரும் கேக்காம பேசிட்டிருந்தேன்." செயலாளர் அதைத் தன் அரண்மனை உருதுவில் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. தலைமை தாங்குபவள் அழக் கூடாது என்பதால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

முடிவு சுலபமாக வந்தது. கூட்டத்தில் அவரவர் மொழியில் பேசலாம், புரியாதவருக்கு விளக்குவது பக்கத்திலிருப்பவர் பொறுப்பு. இஃப்தாரில் முர்ஷிதாபாத் பெண் வங்காளத்தில் பேசுவாள், தலைவர் உருதுவில் மொழிபெயர்ப்பார்.

இஃப்தாரன்று எல்லாரும் தரையில் விரித்த துணியில் பேரீச்சம்பழத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் நோன்பைப் பற்றி அழகாகப் பேசினாள். தலைவர் உண்மையாக மொழிபெயர்த்தார், ஆகவே பேச்சு இரண்டு மடங்கு நீண்டது. ஒரு வாக்கியத்தின் நடுவில் பள்ளிவாசலிலிருந்து மஃரிப் பாங்கு கேட்டது. அவர் அப்படியே நிறுத்திவிட்டுப் பழத்தை எடுத்தார். மிச்சப் பேச்சை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

தொழுகை முடிந்து பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனேன். நகரத்துப் பெண்கள் இருவர் முர்ஷிதாபாத் பெண்ணைச் சுற்றி நின்று, பேச்சின் மீதி என்ன என்று உருதுவில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சோப்புக் கையை ஆட்டி ஆட்டி அவள் வங்காளத்தில் சொன்னாள். புரியாத இடத்தில் இன்னொரு முறை சொன்னாள். மொழிபெயர்க்க அழைப்பார்களோ என்று தட்டோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அழைக்கவில்லை. மிச்சமிருந்த தர்பூசணியைச் சாப்பிடப் போனேன்.