வெள்ளை வளையம் போட்ட குழாய்

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஜெலாப்பாங்கில் எங்கள் குழாய்க் கிடங்குக்குப் போன் வந்தது. கனகசபை அண்ணனின் மகள் பேசினார். "அப்பா தவறிட்டாங்க மாமா. பத்து காஜா ஆஸ்பத்திரியில, காலையில."

"பதில் வந்துச்சான்னு கேட்டாங்களா?" என்றேன். துக்கம் சொல்கிற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்கு அவ்வளவுதான் புத்தி. அவர் கோபிக்கவில்லை. "நேத்துகூடக் கேட்டாங்க" என்றார்.

என்ன பதில் என்று தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எரிவாயு போகிற பெரிய இரும்புக் குழாய்கள் எங்கள் கிடங்கில் வந்து இறங்கும். அண்ணன் சோதித்து விட்ட பிறகுதான் மண்ணுக்குள் பதிக்க லோரியில் போகும். ஆலையில் தகடு சிவக்கக் காய்ந்திருக்கும்போது ஓரிடத்தில் தண்ணீர் பட்டுவிட்டால் அந்த இடம் மட்டும் இறுகிவிடும். ஹார்ட் ஸ்பாட் என்பார்கள். நாங்கள் வைத்த பேர் காய்ப்பு, ரப்பர்ப் பால்மரம் வெட்டிய கையில் இருக்குமே, அதுபோல. பார்த்தால் தெரியாது. பல வருஷம் சும்மா கிடந்துவிட்டு ஒருநாள் விரிசல் விடும்.

அண்ணன் முதலில் காந்தக் கருவியால் குழாயைத் தடவிச் சந்தேகமான இடத்தைப் பிடிப்பார். அங்கே ஒரு எஃகுக் குண்டு, அதன்மேல் சோதனைக் கம்பி வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. கம்பியிலும் குழாயிலும் பள்ளம் விழும். கம்பியில் விழுந்ததைவிடக் குழாயில் விழுந்தது ரொம்பச் சின்னதாக இருந்தால் காய்ப்பு. அதே இடத்தில் மறுபடி அடித்தால் பள்ளத்தின் அளவு மாறிவிடும். "ரெண்டாவது அடி பொய் சொல்லும் தம்பி" என்பார்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு. வேலை பார்த்த ரப்பர்த் தோட்டத்தை முதலாளி துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போவுக்கு வந்தவன். பிள்ளைகளிடம் 'இன்ஜினியரிங்கில் வேலை' என்று சொல்லிக்கொண்டு அண்ணனுக்குச் சோதனைக் கம்பி பிடித்தேன். சேர்ந்த முதல் வாரம் அண்ணன் ஒரு குழாயில் வெள்ளை வளையம் போட்டு, "இதைத் தனியா வை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எங்கள் தோட்டத்தில் கணக்குப் பார்க்கிற கிராணி மரத்தின் சுற்றளவு பார்த்து வெள்ளை வளையம் போட்டால் அந்த மரம் பால் வெட்டுக்குத் தயார் என்று அர்த்தம். லோரி வந்தது. தனியா வைக்கச் சொன்னது முதலில் அனுப்பத்தான் என்று நினைத்து, முதல் வேலையாக அந்தக் குழாயைத்தான் ஏற்றினேன், பெருமையாக.

மூன்று நாள் கழித்து அண்ணன் கேட்டார், "வளையம் போட்டது எங்க?"

"அன்னிக்கே ஏத்தி அனுப்பிட்டேண்ணே."

அவர் பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்தார். நேரே ஆபீசுக்குப் போய், வளையம் போட்டால் காய்ப்பு என்று எனக்குச் சொல்லாதது தன் தவறு என்று எழுதிக் கொடுத்தார். அதற்குள் கிழக்குக் கரையில் அதை மற்றக் குழாய்களோடு ஒட்டிப் புதைத்துவிட்டார்கள். குழாயின் வாயோரம் எழுதியிருந்த எண்ணும் வெல்டிங்குக்காக வெட்டியதில் போயிற்று, எது என்று இனித் தெரியாது. பிரஷர் டெஸ்டில் தாங்கியது, விடுங்கள் என்றார்கள் எரிவாயுக் கம்பெனியில்.

"இன்னிக்குத் தாங்கும். காய்ப்புக்கு என்ன அவசரம்" என்றார் அண்ணன்.

ஐந்து வருஷமாக அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். குழாய்க்குள் காந்தக் கருவியை விட்டுத் தேடுங்கள், அகப்பட்டால் வெட்டி எடுங்கள், முடியாவிட்டால் மேலே இரும்புச் சட்டையாவது போடுங்கள் என்று. பதில் வரவில்லை. பேப்பரில் 'வெடிப்பு' என்ற சொல்லைக் கண்டால் இருவருமே மற்றவருக்குத் தெரியாமல் அந்தப் பக்கத்தைப் படிப்போம். வீட்டில் பிள்ளைகள் அடுப்பைப் பற்றவைத்தால் நான் ஓரடி பின்னால் போய் நிற்பேன். அது கடையில் வாங்கிய கேஸ் தோங், வெறும் சிலிண்டர், அந்தக் குழாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தெரியும். தெரிந்தும்தான்.

அதன்பிறகு யார் புதிதாகச் சேர்ந்தாலும் அண்ணன் முதலில் கேட்பது, "உங்க தோட்டத்துல வெள்ளை வளையம்னா என்னா?" பாகான் டத்தோவிலிருந்து வந்த ஒருவர், "தென்னையில எலி ஏறாம அடிப்பாங்களே, அந்தத் தகரமாண்ணே?" என்றார். அண்ணன் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பாமலே சுத்தியலை எடுத்தார்.

அடக்கத்தன்று பெட்டிக்கு ஆணி அடித்தார்கள். முதல் அடியில் இறங்கவில்லை. இரண்டாவது அடிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்று அவருடைய மேசையில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அடுத்த கடிதத்தை எழுதினேன். அவர் கடிதங்கள் எல்லாம் 'என் தவறால்' என்றுதான் தொடங்கும். அந்த இடத்தில் 'ஏற்றியவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போய் வாருங்கள் அண்ணே. பதில் வந்துச்சான்னு இனி நான் கேட்கிறேன்.