மங்களாம்பிகை வாசித்த சீட்டு

சாரங்கபாணிக்குக் கிட்டத்து எழுத்து மங்கிப் பத்து வருஷம் இருக்கும். கண்ணாடி போடச் சொல்லி மனைவி மங்களாம்பிகை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "அதான் நீ இருக்கியே, படிச்சுச் சொல்ல" என்று வயலுக்குக் கிளம்பிவிடுவார். உர மூட்டை, பட்டா, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் அவள்தான் வாசித்தாள்.

பங்குனியில் அவள் போய்விட்டாள். வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதே, இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்றுவிட்டார்கள்.

வாரிசுச் சான்றிதழுக்குக் காகிதம் தேட வேண்டியிருந்தது. வாசிக்க ஆளில்லை. கும்பகோணத்தில் சின்னக் கடையொன்றில் மலிவாக ஒரு கண்ணாடி வாங்கினார். மேலே தூரம் தெரியும், கீழே எழுத்துத் தெரியும், வெயிலில் தானே கறுத்துவிடும். முதல் நாள் கண்ணை மட்டும் தாழ்த்தி வரப்பைப் பார்த்ததில் தரை மங்கி, கால் வழுக்கிச் சேற்றில் விழுந்தார். பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, உச்சி வெயிலில் வீடு வந்து அவளுடைய மஞ்சள் பையைப் பிரித்தார். கண்ணாடியின் கறுப்பு இன்னும் விடவில்லை. காத்திருந்தார். மெல்ல மெல்ல எழுத்துத் தெளிந்தது.

ஐப்பசியில் நடந்த மருத்துவ முகாமின் சீட்டு அது. வாசலில் நின்று அவள் படித்துச் சொன்னது நினைவிருந்தது: "வெறும் வாயுதானாம்ங்க. மாத்திரை எழுதியிருக்கு."

சீட்டில் இருந்தது வேறு. 'வயிற்றில் கட்டி. உடனே தஞ்சாவூரில் காட்டவும்.'

மூன்று முறை படித்தார். அப்போது மகள் மேகலாவுக்கு ஆறாம் மாதம். சம்பா நடவு வேறு. "புள்ள பொறக்கட்டும், அறுப்பும் முடியட்டும்" என்று அவள் அடிக்கடி சொன்னது எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு ஒரு கண்ணாடி இருந்திருந்தால் கையோடு பஸ் ஏற்றியிருப்பார்.

மேகலாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா ஐப்பசியில வயித்துவலின்னு உன்கிட்ட ஏதும் சொன்னாளாம்மா?"

"இல்லப்பா. என் வளைகாப்புக்குச் சேலை எடுக்கத்தான் அலைஞ்சாங்க. ஏம்பா?"

பின்னால் குழந்தை அழுதது. சொன்னால், அந்தப் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் இவளுக்கு இதுதானே உறுத்தும்?

"சும்மாதான் கேட்டேன். புள்ள அழுவுது பாரு, தூக்கு."

மகள் கண்ணில் என்றைக்கும் பட்டுவிடக் கூடாதென்று, சீட்டைக் கொல்லையில் வெந்நீர் அடுப்பில் வைத்துக் கொளுத்தினார்.