வேலி இல்லாத படம்

கொண்டச்சியில் பாதி நிலம் மர்ளியாவின் வாப்பாவுக்குச் சொந்தம். அவள்தான் ஒரே வாரிசு. போரில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் அகதியாக இருந்தபோது படம் கீறப் பழகியவள், மீள்குடியேற்றத்தோடு ஊர் திரும்பினாள். இடிந்து கிடந்த பெரிய வீட்டைத் திருத்தி, ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குச் சாயமும் தூரிகையும் வாங்கிக் கொடுத்துப் படம் பழக்கினாள். சும்மா யார் இப்படிக் கொடுப்பார்கள் என்று அதே ஊர் ஹுஸ்னியா சந்தேகப்பட்டாள். ஹுஸ்னியாவின் தகர வீடு நின்ற வளவை மர்ளியாவின் வாப்பா வாய்ச்சொல்லாகத்தான் தந்திருந்தார். காணி உறுதிப் பத்திரம் எழுதவில்லை.

ஒருநாள் மர்ளியா வந்து அந்த வீட்டையே கீறினாள். ஹுஸ்னியா அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். படத்தில் வீடு வந்தது, கிணறு வந்தது, வேலி மட்டும் வரவில்லை.

"ராத்தா, வேலி எங்க?"

"முள்ளுக்கம்பி வடிவில்லை பிள்ளை, விட்டிட்டன்."

"உங்களுக்கு வடிவுதான் பெரிசு. வேலி இல்லாட்டி வளவு ஆருக்கு?"

மர்ளியா சிரிக்கப்போனவள், ஹுஸ்னியாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "வாப்பா தந்ததை நான் திருப்பிக் கேப்பனோ?"

"கேக்க மாட்டீங்கதானே. அப்ப கீறுங்கோ."

மர்ளியா வேலியைக் கீறினாள். கம்பி நாலு பக்கமும் சுற்றி வரும்வரை ஹுஸ்னியா அசையவில்லை.

"படலையையும் கீறுங்கோ ராத்தா," என்றாள். "பூட்டோட."