லயத்துக்கே தெரிந்த இரகசிய இலக்கம்

ரப்பர் தோட்டத்தை விட்டு இறங்கி, புளத்கொகுபிட்டிய பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். விடாத மழையால் பால் வெட்டு நின்றிருந்தது. வெட்டு இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. யாரோடும் சண்டை கிடையாது. எம்பிலிப்பிட்டியவில் வாழைத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பையைத் தூக்கிக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து பெரும்பாலும் இப்படித்தான் இடம் மாறியிருக்கிறேன்.

வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் முகப்பில் வேன் ஒன்று நின்றது. பக்கத்து மதகில் ஒரு பெண் உட்கார்ந்து, சின்ன ஒலிப்பதிவுக் கருவியை அமுக்கி அமுக்கி எதையோ அழித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணிக் கடை எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என்ன அழிக்கிறீர்கள் என்று நானும் சிங்களத்தில் கேட்டேன்.

"காலையிலிருந்து செய்த வேலையை, மல்லி" என்றார். சிங்களத்தில் தம்பியை மல்லி என்பார்கள்.

அவர் பல்கலைக்கழக விரிவுரையாளர். தகவல் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பல்கலைக்கழகங்களுக்கு நிதி கொடுக்கிறதாம். அது அநேகமாகக் கொழும்பு வங்கிகளின் கணினிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கே போய்விடும். இவர் மட்டும், தோட்டத்து மக்கள் வங்கி அட்டையை எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று பார்க்க நிதி கேட்டிருக்கிறார். ஒரு வருடத்துக்குக் கொடுத்துவிட்டு, "தோட்டத்தில் புதிதாக என்ன இருக்கிறது என்று காட்டுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்" என்றார்களாம். வருடம் முடியப்போகிறது. காட்ட ஒன்றும் இல்லை. இந்தப் பயணமும் வீணானால் ஆராய்ச்சி அதோடு நின்றுவிடும்.

மொழிபெயர்த்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அதனால் கேள்விகளைத் தானே தமிழில் பழகிக்கொண்டு வந்திருக்கிறார். "உங்கள் இரகசிய இலக்கத்தை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?" என்று கேட்டதுமே, ஒவ்வொருவரும் இலக்கத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு அம்மா, சரியாக விழுந்ததா என்று திருப்பியும் சொன்னாராம். இலக்கம் பதிவான பேச்சை வைத்திருக்கக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம். முழுவதையும் அழித்தாக வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. படி ஏறி வந்தவர் கேட்டால் ஒளிப்பது மரியாதை இல்லை, மிஸ், எங்கள் ஆட்கள் அப்படித்தான் என்றேன். மழை வேறு வலுத்துவிட்டது. நான் கூட வந்து கேட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் லயத்துக்கு, தங்கள் வரிசை வீடுகளுக்கு, திரும்பும் நேரம். வீட்டு முன்புறத்து இஸ்தோப்பில் நாலைந்து பேர் கூடினார்கள். மிஸ் ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு என் பக்கத்தில் வைத்தார். சம்பளத்துக்கு டவுனுக்குப் போகிறவர் என்று ஒரு அக்காவை முன்னால் தள்ளினார்கள்.

"அக்கா, நம்பரச் சொல்லிறாதீங்க. அது யார் யாருக்குத் தெரியும்னு மட்டும் சொல்லுங்க."

"நீ யாருடா தம்பி, பேங்கா பொலிசா?"

"ரெண்டும் இல்லக்கா. மழைக்கு ஒதுங்கினவன்."

"அப்பச் சரி. யாருக்குத் தெரியாதுன்னு கேளு, சுருக்கமா முடிஞ்சிரும்."

பெண்கள் சிரித்தார்கள். அக்கா விளக்கினார். சம்பளம் வங்கிக்குப் போகிறது. எடுக்க எல்லாரும் டவுனுக்குப் போனால் எல்லாருக்கும் அன்றைய பேர் விழாது, கூலி போய்விடும். அதனால் ஒருவர் லயத்து அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுபோகிறார்.

"எல்லா நம்பரும் மனசுலதான். மெசின் முன்னாடி நான் நின்னா பின்னால லைன்ல உள்ளவங்க திட்டித் தீர்ப்பாங்க. எத்தன அட்டடி வச்சிருக்கன்னு."

"சரிக்கா. அப்ப யாருக்குத்தான் தெரியாது?"

அக்கா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எம் புருசனுக்கு."

"எங்க ஆம்பளைங்க எவருக்கும்தான் தெரியாது" என்றார் இன்னொருவர்.

"தெரிஞ்சா அன்னைக்கே பார்ல போய் நிக்கும் சம்பளம். லயத்துல ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டோம். ஒருத்தி சொல்லிட்டான்னா அப்புறம் எவள நம்பி அட்டயக் குடுக்கிறது?" என்றார் அக்கா.

அப்போது பார்த்து, ஒரு விறகுக் கட்டோடு அவர் புருஷனே வந்து நின்றார்.

"என்னடி கூட்டம்?"

"கவர்மென்டு ஆராய்ச்சி. ஒங்களுக்கு வெளங்காது, போய் வெறக அடுக்குங்க."

அவர் விறகோடு உள்ளே போனார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வேனில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். மிஸ் பதிவை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டு, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கேயும் இலக்கம் இல்லை. அழிக்கத் தேவையில்லை.

"வீட்டுக்குள் இருப்பவரை நம்பலாம், வெளியில் இருப்பவர்தான் திருடர் என்று வைத்துத்தான் வங்கி பூட்டுப் போட்டிருக்கிறது. இவர்கள் பூட்டை மறுபக்கம் மாட்டியிருக்கிறார்கள். இப்படி ஏதோ இருக்கும் என்றுதான் நிதியே கேட்டேன்" என்றார். முகம் தெளிந்திருந்தது. பிறகு உடனே, தோட்டத்தின் பெயர் எங்கேயும் வரக்கூடாது, அந்தப் பெண்களுக்கு ஆபத்து என்றார். அதனால் நானும் எழுதவில்லை.

அன்றிரவு, பகலில் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் படுக்க இடம் கொடுத்தார்கள். அக்கா ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் அனுப்பினார். இந்த நாட்டில் சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் கூட வரி கட்டுகிறோம். அந்தக் காசு எங்கே போகிறது என்று நான் யோசித்ததில்லை. அதில் கொஞ்சம் சுற்றிவளைத்து இந்த லயத்துக்கு வந்து, கொழுந்து பறிக்கிற பெண்களிடம் உங்கள் வழக்கம் என்ன என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறது. அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அந்த நிதியைக் கொடுத்தவர்கள் யாரென்று தெரியாது. கேட்டவரைத் தெரியும். பதில் சொன்னவர்களையும் தெரியும்.

காலையில் மிஸ் வேன் கதவைத் திறந்துவைத்து, "எம்பிலிப்பிட்டியவுக்குப் போகத்தான் வேண்டுமா, மல்லி? அரநாயக்க பக்கம் இன்னும் தோட்டங்கள் பார்க்க வேண்டும்" என்றார். நாள் கூலி, சாப்பாடு உண்டு. பையைப் பின்னால் போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறினேன். மொழிபெயர்ப்பாளர் வேலை. ஒலிப்பதிவுக் கருவியை என் மடியில் வைத்தார்.