ராஜதாஸ் வீட்டு சார்

ராஜதாஸ் எங்கள் ஊரில் பூச்சு வேலைக்குப் பெயர் போன கொத்தனார். அவர் பூசிய சுவரில் மேடு பள்ளம் கண்டுபிடிக்க முடியாது. பேச்சில்தான் எல்லா மேடும் பள்ளமும். கோபம் வந்தாலும் சத்தம், பாசம் வந்தாலும் அதே சத்தம். எது எது என்று பிரித்துக்கொள்ள, பக்கத்து வீட்டில் குடியிருக்கும் எனக்கே இருபது வருடம் பிடித்தது. அதுவரை பாதி நாள் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்து ஆட்கள் எங்களுக்கு இரண்டு பாஷை. பேச்சின் நடுவிலேயே தமிழில் இருந்து மலையாளத்துக்குத் தாவிவிட்டுத் திரும்பி வருவோம். ராஜதாஸ் மட்டும் இதில் கறார். வீட்டிலும் வேலையிடத்திலும் சர்ச்சிலும் தமிழ். மலையாளம் அவருக்கு ஆபீசுக்குப் போகும்போது உடுக்கிற சலவை வேட்டி மாதிரி. வில்லேஜ் ஆபீசிலோ, மகள் நீதுவின் கல்லூரியிலோ போய் நின்றால் முதுகு கொஞ்சம் வளையும், குரல் பாதியாகக் குறையும், வாக்கியத்துக்கு ஒரு 'சாரே' வந்துவிடும். அந்தக் குரலைக் கேட்டால் இது நம்ம ராஜதாஸ்தானா என்று சந்தேகமாக இருக்கும்.

போன வருடம் பிப்ரவரியில் எங்கள் ஊர்ப் பாசனக் கால்வாய், சானல் என்போம், வறண்டு கிடந்தது. ரோட்டுக்கு அடியில் சானல் தண்ணீர் போகிற குழாய்க்குள் ஒரு நாய் கிடப்பதை வேலை முடிந்து வரும்போது அவர்தான் பார்த்தார். தவிட்டு நிறம், கழுத்தில் சிவப்புப் பட்டை, பின்னங்கால் ஒன்று முறிந்திருந்தது. யாரோ வளர்த்த நாய். மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் சானலில் தண்ணீர் திறப்பதாக வார்டு மெம்பர் அன்று காலையில்தான் வாட்ஸாப்பில் போட்டிருந்தார். அதற்குள் நாய் வெளியே வர வேண்டும். ஆள் நுழைய முடியாத குழாய் அது.

ராஜதாஸ் சாளை மீனும் மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து குழாய் வாயில் வைத்தார். பிறகு தன் வழக்கமான தொண்டையில், "எலே மக்கா, வாலே வெளிய" என்று கூப்பிட்டார். குழாய்க்குள் அது இடி மாதிரி கேட்டிருக்கும். நாய் இன்னும் இரண்டடி உள்ளே போனது. அவர் இன்னும் உரக்கக் கூப்பிட்டார், அது இன்னும் உள்ளே போனது. இருட்டும்வரை இதே கதைதான். மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு ஜிஜோ ஒரு நீளக் கம்பைக் கொண்டுவந்து குத்தி வெளியே தள்ளலாம் என்றான். அவனுக்குக் கிடைத்த ஏச்சு பஸ் ஸ்டாப்புவரை கேட்டது. தீயணைப்புக்காரர்களுக்குப் போன் செய்தால், எங்கோ மரம் விழுந்த இடத்தில் நிற்கிறோம், முடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள்.

மணி பதினொன்று தாண்டியது. ராஜதாஸ் குழாய் வாயில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி கிருபாபாய் கையில் காலி சிமெண்டு சாக்கோடு நின்றாள், பக்கத்தில் நான். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. வில்லேஜ் ஆபீசில் இருந்து. நீதுவின் சர்டிபிக்கேட்டுக்கு ஒரு கடுதாசி குறைகிறதாம்.

"அதே சாரே. மறந்நிட்டில்ல சாரே. வராம் சாரே, வராம்." ஆமாம், மறக்கவில்லை, வருகிறேன் என்று அந்தப் பாதிக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழாய்க்குள் ஏதோ அசைந்தது. கிருபாபாய் குனிந்து பார்த்தாள். நாய் காதைத் தூக்கிக்கொண்டு அவரையே பார்த்துக் கிடந்தது.

"போனை வச்சிராதீங்க" என்றாள் அவள் மெதுவாக. "அது கேட்டுட்டு கெடக்கு."

ஆபீஸ்காரர் அதற்குள் போனை வைத்துவிட்டார். ராஜதாஸ் செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டே பேசினார். ரேஷன் கார்டில் தன் பெயரைத் தப்பாக அடித்ததையும், நீது நல்ல மார்க் வாங்கியதையும், இந்த வருடம் மாங்காய் குறைவு என்பதையும் அந்தத் தாழ்ந்த குரலில், சாரே சாரே என்று நாயிடம் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பயமும் விடவில்லை. நாய் முன்னங்காலை ஊன்றி, இழுத்து இழுத்து வந்து அவர் முழங்காலில் மூக்கை வைத்தது. சாக்கில் ஏந்திக் கரையேறினோம். அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வந்தது.

மிருக ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். தேடி யாரும் வரவில்லை. சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மலையாளிகள் வளர்த்த நாயாக இருக்கும், தமிழ் தெரியாது என்று ஜிஜோ ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். கிருபாபாய் ஒப்புக்கொள்ளவில்லை.

"பாஷை ஒண்ணுமில்ல, சத்தமாக்கும். அதை ஆரோ சத்தம் போட்டு அடிச்சிருக்காங்க."

அவள் சொன்னது சரிதான். வீட்டில் ராஜதாஸ் தொண்டையைத் திறந்தால் சார் கட்டிலுக்கு அடியில். ஆபீஸ் குரலில் கூப்பிட்டால் மட்டும் வெளியே வரும். மனிதர் பாவம், சோறு வைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் வில்லேஜ் ஆபீசரிடம் நிற்பதுபோல நின்றார். கிருபாபாய்க்கு ஒரே கொண்டாட்டம். கல்யாணம் கழிந்து இத்தனை வருடத்தில் தன்னிடம் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

அவருக்கு உள்ளுக்குள் வருத்தம். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "எனக்க வீட்டுல உள்ளதுக்கிட்ட நான் கைகட்டி நிண்ணு பேசணும்னா, அது எனக்க நாய் இல்லல்லா?" நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது, அவர் முகம் சுண்டிப்போனது.

ஓணம் கழிந்து ஒரு சனிக்கிழமை. அவர் தன் வீட்டுப் பின்சுவரைப் பூசிக்கொண்டிருந்தார், நான் வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டி நிறையக் கலவை, தண்ணீர் வாளி எட்டவில்லை. வீட்டுக்குள் இருந்த நீதுவைத் தன் பழைய தொண்டையில் கூப்பிட்டார்.

"எலே மக்கா, இஞ்ச வா."

நீது வந்தாள். அவளுக்கு முன்னால், பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்தபடி, வாலை ஆட்டிக்கொண்டு சார் ஓடிவந்தது. அவர் காலருகே உட்கார்ந்து, என்ன வேலை என்பதுபோல அண்ணாந்து பார்த்தது. எனக்கு இருபது வருடம் பிடித்த விஷயம் அதற்கு ஏழு மாதத்தில் பிடிபட்டிருக்கிறது.

"அப்பா, ஆரை விளிச்சீங்க?" என்று கேட்டாள் நீது.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கலவை அப்பிய கையால் கண்ணைத் துடைக்கப் போய், நினைவு வந்து தோளில் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரையும்தான்" என்றார்.