மஞ்சள் பட்டைக்காரர்

என் அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். மீதிப் பாதி அவரிடம் பேச்சு வாங்கப் பயந்து இன்னும் பேருந்தில் போகிறது. பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். அத்தானின் உத்தியோகமே அங்கேதான்: தான் ஓட்டாத வண்டியில், மற்றவர் செய்யப்போகும் தப்புக்காகக் காலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பது. இத்தனை வருடம் அப்படி உட்கார்ந்ததில் காலின் குணம் வாய்க்கும் வந்துவிட்டது. யாராவது எதையாவது ஆரம்பித்தால் போதும், மிதித்துவிடுவார்.

"ஸ்டியரிங்கை ஏம்மா கொழந்தை மாதிரி அணைச்சுக்கற? அது ஒண்ணும் அழல."

கியர் மாற்றத் தடுமாறிய பல் டாக்டரிடம், "பல்லுன்னு நெனச்சுப் புடுங்காதீங்க டாக்டர், மயக்க ஊசிகூடப் போடல" என்றார். டாக்டர் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது? தேர்வுக்கு அழைத்துப் போகப்போவது இவர்தானே.

வீட்டிலும் இதே கதைதான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா, "எல்லாத்துக்கும் மாத்திரை வந்துடுச்சு, இவர் வாய்க்கு மட்டும் வரல" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டாள். அந்த வாயின் முழுப் பாரத்தையும் சுமந்தவள் அவர்களுடைய ஒரே மகள். வளர்ந்து ஆளான பிறகும் எங்களுக்கு அவள் பாப்பாதான். அப்பாவிடம் அவள் எடுத்த முதல் ஓட்டுநர் பாடம், சிக்னலில் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்து போனதோடு முடிந்தது.

அந்தப் பாப்பா, ஒருநாள் கணக்கு அலுவலக வேலையை விட்டுவிட்டு, கடற்கரை உல்லாச விடுதி ஒன்றில் சேர்ந்தாள். கடற்கன்னியாக. இடுப்புக்குக் கீழே ரப்பர் வால் மாட்டிக்கொண்டு, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் தண்ணீருக்குள் நீந்தி, பார்க்கிறவர்களுக்குக் கையசைக்கும் வேலை. அதைச் சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் அவளே சந்தோஷமாகச் சொன்னாள். அத்தான் சாப்பிடுவதை நிறுத்தாமலே சொன்னார்: "மீன் கடையில சேர்ந்திருந்தாலும் வீட்டுக்கு மீனாவது வந்திருக்கும். இவ மீனாவே போயிட்டா."

கூடமே சிரித்தது. மறுநாள் பாப்பா விடுதியின் ஊழியர் அறைக்குக் குடிபோனாள். அதன் பிறகு அம்மாவோடு மட்டும்தான் பேச்சு.

இப்போது அந்த நிறுவனம் கடல் கடந்த ஒரு நாட்டில் இன்னொரு விடுதி திறக்கிறது. பாப்பாவை அங்கே அனுப்பக் கேட்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்காவிடம் போனில் சொன்னாளாம்: "அப்பா ஒரு தடவை வந்து பாக்கட்டும்மா. பாத்துட்டு என்னைக் கிண்டல் பண்ணாம இருக்கட்டும். ஒண்ணு, ஒரே ஒரு கிண்டல்கூடக் கூடாது. இருந்துட்டார்னா நான் இங்கேயே இருக்கேன். வாயைத் தொறந்தார்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

அக்கா அழவில்லை. விடுமுறையில் வந்திருந்த என்னைக் கூப்பிட்டாள். "நீயும் வா. அவர் வாய் கோணும்போதே பொத்திடு. எம்பொண்ணு போயிட்டா அப்புறம் நான் யாரோட பேசறது, இவரோடயா?"

ஊழியர் குடும்பத்துக்கான இலவச அனுமதியைப் பாப்பா அனுப்பியிருந்தாள். அத்தான் அதைத் தொடவே மறுத்தார்.

"ஓசியில போய் உக்காந்தா ஒரு குறை சொல்ல முடியுமா? காசு குடுத்துப் போனாத்தான் வாயைத் தொறக்கிற உரிமை."

"வாயைத் தொறக்காம இருக்கத்தானங்க போறோம்!"

"அது அவ விஷயத்துல. விடுதியை விட்டுவெப்பேன்னு நான் சொல்லவே இல்லியே."

ஆக, நாங்கள் மூவரும் பகல் விருந்தாளிகளாகப் போனோம். அறை எடுக்காமல், காலையில் நுழைந்து மாலையில் வெளியேறுகிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். விருந்தாளி என்ற சொல்லை அதற்குமேல் அவமானப்படுத்த முடியாது.

விடுதிக்குக் கடற்கொள்ளையர் வேடம். நுழைவாயில் ஒரு மண்டையோட்டின் வாய். பல் ஒவ்வொன்றிலும் ஒரு விளம்பரம். உள்ளே தரைதட்டிய கப்பல் ஒன்று சிமென்டில் நிற்கிறது. அதன் வயிற்றுக்குள் கழிப்பறை. பாறைகளைத் தட்டினால் தகர டப்பா சத்தம். மரப்பீப்பாய்கள் எல்லாம் குப்பைத்தொட்டி. தென்னை மரத்தில் குரல் பதிவு செய்த பொம்மைக் கிளி, நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே சிரிப்பைச் சிரிக்கிறது. இத்தனையும் கடலுக்குப் பத்தடி பக்கத்தில். நிஜமான கடல் ஒரு கயிற்றுக்கு அந்தப்பக்கம், கேட்பாரில்லாமல் அலையடித்துக்கொண்டிருந்தது.

வாசலில் மணிக்கட்டில் பட்டை மாட்டினார்கள். அறை எடுத்தவர்களுக்கு நீலம், ஊழியர் குடும்பத்துக்கு வெள்ளை, எங்களுக்கு மஞ்சள். வெட்டினாலொழியக் கழற்ற முடியாது. உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே மஞ்சளின் அர்த்தம் புரிந்துவிட்டது. நீலக்காரர்களின் சாய்வு நாற்காலிக்கு மெத்தை உண்டு, எங்களுடையதற்கு வெறும் பிளாஸ்டிக் நாடா. அவர்களுடைய குளம் கேப்டன் குளம். எங்களுடையது சிப்பாய்க் குளம். முட்டிவரை தண்ணீர், அதிலும் பாதி வெயிலுக்காக உடம்பில் பூசிய எண்ணெய். மஞ்சள்காரர்களிலேயே கெட்டிக்காரர்கள் பட்டைக்கு மேல் கைக்கடிகாரம் கட்டி மறைத்திருந்தார்கள். கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டையோடு ஒரு குடும்பம் கேப்டன் குளத்தின் ஓரமாகவே உலாவியது. வேலையாள் ஒருவன் அருகே வந்தபோதெல்லாம் அவர்கள் ஒன்றாகக் கடலைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத்தான் தோன்றியது. அத்தானோ சட்டைக்கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டார்.

"மாப்ள, அந்தக் காவலாளியைப் பாருங்க. முங்கறவனைக் காப்பாத்தறது அவன் வேலை. ஒரு கண்ணுக்குக் கறுப்புத்துணி கட்டி விட்டிருக்காங்க. இடதுபக்கம் முங்கறவன் சாகவேண்டியதுதான்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "காலையிலேர்ந்து இதேதான். மூணு மணிக்கு அவ காட்சியிலயும் இப்படித்தான் இருக்கப்போறீங்க."

"அதான் இப்பவே எல்லாத்தையும் செலவு பண்றேன். அப்ப கையிருப்பு இருக்கக் கூடாதில்ல."

அதில் ஒரு நியாயம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில், பர்கர் மேல் குத்தியிருந்த குட்டிக் கொள்ளையர் கொடியை அவர் எதுவும் சொல்லாமல் பிடுங்கி வைத்ததைப் பார்த்து எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

கடற்கன்னிக் காட்சி உள் தடாகத்தில். அங்கே போகும் பாலத்தில் ஒரு கொள்ளையன் குறுக்கே கயிறு பிடித்து நின்றான். எங்கள் கையைப் பார்த்தான்.

"மஞ்சளுக்கு இந்தப்பக்கம் இல்ல சார். நீலமும் வெள்ளையும் மட்டும்தான்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "நாங்க கடற்கன்னியோட வீட்டு ஆளுங்கப்பா."

"அப்படின்னா வெள்ளைப் பட்டை போட்டிருக்கணும்மா."

"இலவச அனுமதி இருக்கு, போன்ல காட்டறேன்."

"வாசல்லயே காட்டியிருக்கணும். மஞ்சள் போட்டாச்சுன்னா இன்னிக்கு மஞ்சள்தான்."

அக்கா அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது பேர் பின்னால் நிற்கிறார்கள் என்பதை அவள் பொருட்படுத்தவில்லை. "உரிமை! வாயைத் தொறக்கிற உரிமை! இப்ப தொறங்க பாப்போம். அங்க அவ ஒவ்வொரு மொகமா தேடிட்டு இருப்பா. அப்பா வரவே இல்லன்னு நெனச்சுக்கப்போறா."

அத்தான் கொள்ளையனைக்கூடக் கிண்டல் பண்ணவில்லை. அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. கயிற்றுக்கு அந்தப்பக்கம், மெத்தை வைத்த வரிசைகளில் நீலப்பட்டைகள் பனிக்கூழ் நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் திரும்பி நடந்தார். சிமென்ட் கப்பலைச் சுற்றி, துணி மாற்றும் அறைகளைத் தாண்டி, "பணியாளர் மட்டும்" என்று எழுதியிருந்த வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு போனார். அக்கா பின்னால் ஓடினாள். யாராவது பிடித்துக் கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாக்கியம் அமைத்தபடி நானும் போனேன்.

வேலிக்குப் பின்னால் வேடம் எதுவும் இல்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டார் அறை, எண்ணெய்ப் பிசுக்குத் தரை, அழுக்குத் துண்டு மூட்டைகள். தடாகத்துப் பாறையின் முதுகு அங்கேதான் இருந்தது. முன்பக்கம் பாசியும் சிப்பியும் ஒட்டிய பாறை. பின்பக்கம் கம்பிவலையும் பூசாத சிமென்டும்.

எதிரே துணி அள்ளும் தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று வந்தது. அதில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். வாலோடு நடக்க முடியாதாம். தலையில் முத்துக் கிரீடம், தோளில் மழைக்கோட்டு, கையில் பாதி கடித்த வாழைப்பழம், வண்டிக்கு வெளியே தொங்கும் பச்சை வால். தள்ளிக்கொண்டு வந்தவன் ஒரு கண்ணைக் கறுப்புத்துணியால் மூடிய இன்னொரு கொள்ளையன்.

எங்களைப் பார்த்ததும் அவள் மெல்லுவதை நிறுத்தினாள். அவள் பார்வை நேராக அத்தானின் வாய்க்குத்தான் போனது. எங்கள் எல்லோருடைய பார்வையும் அங்கேதான் போயிற்று. அந்தக் காட்சிக்கு என்ன சொன்னாலும் பொருந்தும். பேசத்தெரியாதவனுக்குக்கூட ஒன்று தோன்றும். அத்தானுக்கு ஒரே நேரத்தில் குறைந்தது பத்து தோன்றியிருக்கும். அவர் கன்னம் துடித்தது. அக்கா என் விலாவில் இடித்தாள்.

அந்த நேரம் பார்த்து வண்டியின் முன்சக்கரம் சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் இறங்கி நின்றது. கொள்ளையன் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. அத்தான் போய்க் குனிந்து முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரம் வெளியே வந்தது.

"எங்க போகணும்?"

"அந்தப் பாறை ஓரம்" என்றாள் பாப்பா.

"சார், பகல் விருந்தாளி இங்க வரக் கூடாது" என்றான் கொள்ளையன், மணிக்கட்டைப் பார்த்து.

"எங்க அப்பா அவர். நீ பின்னாடி பிடி."

அவளை இறக்கிவிட்ட இடத்தில் பாறை குகை மாதிரி குடைந்திருந்தது. நீருக்குள் நீந்துகிறவர்கள் பார்வையாளர் கண்ணில் படாமல் மேலே வந்து மூச்சு வாங்குவதற்கான பொந்து அது. இசை ஆரம்பித்தது. பாப்பா முங்கினாள். முன்பக்கத்தில் கைதட்டல் கேட்டது. எங்களுக்கு முன்பக்கம் எதுவும் தெரியவில்லை. தெரிந்தது அந்தப் பொந்து மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அவள் தலை அதில் மேலே வந்தது. வாயைத் திறந்து காற்றை விழுங்கினாள். கண் இரண்டும் சிவந்து, மூக்கில் தண்ணீர் ஒழுக, இருமினாள். பிறகு முகத்தைத் துடைத்து, அதில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு மறுபடி முங்கினாள். கைதட்டல். மேலே வந்தாள், இருமினாள், சிரிப்பை மாட்டினாள், முங்கினாள். இப்படியே காட்சி முழுக்க.

முன்னால் இருந்தவர்கள் கடைசிவரை அதைப் பார்க்கவில்லை. அழகான கனவு ஒன்றைப் பார்த்ததாக வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார்கள். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கண்ணாடித் தொட்டியைப் பார்த்த ஜனங்கள்; அவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

அத்தான் ஈரத்தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு முறை அவள் முங்கும்போதும் அவரும் மூச்சைப் பிடித்தார். அது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

காட்சி முடிந்து பாப்பா விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள். மூச்சு இரைத்தது. "எப்படி இருந்துச்சுப்பா?" என்று கேட்டாள்.

அத்தானுக்குத் திட்டத் தெரியும், கேலி பண்ணத் தெரியும். இதற்கான சொல் அவர் வாயில் என்றைக்குமே இருந்ததில்லை. எங்கெங்கோ தேடினார்.

"கண்ணு எரியுதா?" என்றார்.

"எரியும்."

"மேல வரும்போது இன்னும் கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கும்மா. அவனுங்க எங்க போயிடப்போறானுங்க? மெத்தையை விட்டு எழுந்திரிக்க மாட்டானுங்க."

பாப்பா அவரை உற்றுப் பார்த்தாள். அந்தச் சொற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளே முள் இருக்கிறதா என்று தேடுவது தெரிந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது அவங்களைப் பத்தின கிண்டல்" என்றாள் பாப்பா கடைசியில். "என்னைப் பத்தி இல்ல."

"இல்ல" என்றார் அத்தான்.

"அம்மா, நான் போகல. திங்கக்கிழமை சொல்லிடறேன்."

அக்கா அப்போதுதான் அழுதாள். நானும் கொள்ளையனும் பாப்பாவைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தோம். ஈர வால் பயங்கரக் கனம். அத்தான் பிடியைப் பற்றித் தள்ள ஆரம்பித்தார்.

இரண்டடி போவதற்குள் பாப்பா திரும்பினாள். அவள் முகத்தில் அவளுடைய அப்பாவின் வாய் இருந்தது.

"ஏம்பா, ஓசியில வந்திருந்தா முன்வரிசையில மெத்தை. காசு குடுத்துட்டு சாக்கடை ஓரமா குத்தவெச்சுப் பாத்த ஒரே ஆளு இந்த விடுதியிலயே நீங்கதான்."

அத்தான் வாயைத் திறந்தார். அக்காவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"என்னப்பா தள்றீங்க, பிணவண்டி மாதிரி? கொஞ்சம் வேகமாப் போங்க. இதுக்கு லைசென்ஸ் யார் குடுத்தா உங்களுக்கு?"

"சரிம்மா" என்றார் அத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் அடுத்ததை ஆரம்பித்துவிட்டிருந்தாள்.